என் பெயரில் ஒரு சாமான் பட்டியல்

தமிழ் வகுப்பில் 'காப்பு' என்ற சொல்லை நடத்துவது எளிது. நூலின் தொடக்கத்தில் கடவுளை வேண்டிப் பாடுவது காப்பு. மாரியம்மன் பண்டிகைக்கு முன் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு காப்பு. குழந்தையின் கையில் போடும் வளையமும் காப்புதான். 'ஈடு' என்ற சொல்லும் அப்படித்தான். அடகு வைத்த பொருள் ஈடு. நஷ்டத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் பணமும் ஈடு. இரண்டையும் சேர்த்துக் 'காப்பீடு' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், மாணவிகளிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே பதில்தான் வரும்: "அப்பா செத்தா பணம் வருமுங்கம்மா."

அவர்களுக்குத் தெரிந்த காப்பீடு அதுதான். அடுத்து, அண்ணனுடைய பைக்குக்குப் போலீஸ் கேட்கும் இன்சூரன்ஸ். மூன்றாவது, அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை. மூன்றிலும் பாலிசி வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது, அல்லது பொருள் வேறு யாருடையதோ. தான் வாழும் வீட்டையும், அதற்குள் தன் சம்பாத்தியத்தில் வாங்கி வைத்திருக்கும் பொருள்களையும் ஒரு பெண் தன் பெயரில் காப்பீடு செய்யலாம் என்பதை இருபது வயதில் அவர்களுக்குச் சொல்கிறவர்கள் இல்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதில் பெண்ணுக்கென்று வீடு இல்லை. பிறந்த வீடு இருக்கிறது, போகப்போகும் வீடு இருக்கிறது. இடையில் அவள் தங்கும் வாடகை அறையை வீடு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் சேர்வராயன் மலையில் அதன் மழை டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் கொட்டித் தீர்த்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையில் பல இடங்களில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. அதே நாட்களில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் செய்திக்கு முன்னால் ஏற்காட்டின் சேதம் சிறியது. சிறிய சேதங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் அப்படி ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி. பள்ளிக்குப் பக்கத்தில், சரிவை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டின் பின்பகுதியில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வாடகைக்கு இருந்தாள். டிசம்பர் 2 அன்று விடியற்காலை பின்சுவர் இடிந்து செம்மண் உள்ளே வந்தது. அவள் முன்பக்கம் வீட்டுக்கார அம்மாவோடு படுத்திருந்ததால் பிழைத்தாள். சமையல்கட்டு முழுக்க மண். அறையில் இடுப்பளவு சேறு.

வீட்டுக்காரர் வங்கிக் கடனில் கட்டிய வீடு அது. கடன் கொடுத்த வங்கி கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லியிருந்தது. பாதை திறந்ததும் சர்வேயர் வந்தார். இடிந்த சுவரை, விரிசல் விட்ட தளத்தை, சாய்ந்த தூணைப் படமெடுத்தார். அறைக்குள் சேற்றில் கிடந்த கட்டில், பீரோ, தையல் மெஷின், புத்தகங்களைக் காட்டி, "இதெல்லாம் யாருதுங்க?" என்று கேட்டார். "அது குடியிருக்கிற பொண்ணோடதுங்க" என்றார் வீட்டுக்காரர். சர்வேயர் கேமராவைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் தவறில்லை. வீட்டுக்காரருடைய பாலிசியில் அவள் சாமான் இல்லை, இருக்கவும் முடியாது.

அவள் இதை என்னிடம் சொன்னபோது புகாராகச் சொல்லவில்லை. "வாடகைக்கு இருக்கறவளுக்கு என்ன இன்சூரன்ஸுன்னு அக்கம்பக்கத்துல சிரிக்கறாங்கம்மா. அப்படி ஒண்ணு உண்டாங்கம்மா?" என்றுதான் கேட்டாள்.

உண்டு. இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், தீ மற்றும் இயற்கைச் சீற்றக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வீடுகளுக்கென்று ஒரே மாதிரியான ஒரு பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதற்கு இரண்டு பகுதிகள்: ஒன்று கட்டடம், மற்றது வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள். சொந்த வீட்டுக்காரர் இரண்டையும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். சுவர் யாருடையதாகவும் இருக்கட்டும், சுவருக்குள் இருக்கும் மிக்ஸி உங்களுடையது என்பதைக் காப்பீட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்றே: இந்தப் பொருள் அழிந்தால் யாருக்கு நஷ்டம்? யாருக்கு நஷ்டமோ அவர்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும். சம்பந்தமில்லாத ஒருவர் என் வீட்டுக்குக் காப்பீடு எடுத்தால் அது சூதாட்டமாகிவிடும் என்பதால் வந்த விதி இது. நம் பழைய இலக்கணத்தில் 'கிழமை' என்றால் உரிமை. உரியவன் கிழவன், உரியவள் கிழத்தி. நிலக்கிழார் என்ற சொல் இன்றும் நிலத்துக்கு உரியவரைத்தான் குறிக்கிறது. கிழத்தி எதற்கு உரியவள் என்று கேட்டால் உரைகள் தலைவனைக் காட்டும், இல்லறத்தைக் காட்டும். பானை சட்டிக்கு அவள் உரியவளா என்று கேட்ட உரையாசிரியர் எவரையும் நான் படித்ததில்லை. ஒரு பாலிசியின் படிவம் அதைக் கேட்கிறது.

அவளிடம், போன சாமான்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பணம் வராது என்று இருவருக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்குப் பாலிசி எடுக்கும்போது எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். நான்கு வரி எழுதி வந்தாள்: லேப்டாப், கட்டில், பீரோ, தையல் மெஷின். "அவ்வளவுதாங்கம்மா. மத்ததெல்லாம் சில்லறை."

சில்லறையை எழுத உட்கார்ந்தோம். கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி, தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர். மலைக்குளிருக்கு வாங்கிய இரண்டு கம்பளி, ஸ்வெட்டர்கள். பள்ளிக்குக் கட்டிப்போகும் பருத்திச் சேலைகள் பதினெட்டு. அவற்றுக்குத் தைத்த ரவிக்கைகளின் கூலியைத் தனியாகக் கூட்டினோம். செருப்பு, மழைக்கோட்டு, இஸ்திரிப் பெட்டி, மேசை, நாற்காலி, மின்விசிறி. புத்தகங்கள் நூற்று நாற்பது. எவர்சில்வர் பாத்திரங்களை எழுதும்போது, "இது அம்மா கொடுத்தது, எழுதலாமா?" என்று கேட்டாள். "உன்னுடையதுதானே, எழுது" என்றேன். நான்கு பக்கம் வந்தது. இன்றைய விலையைப் போட்டுக் கூட்டியபோது ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. அவள் கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகுதான் அழுதாள். மண் உள்ளே வந்த அன்று அழாதவள். "இவ்வளவு நான் வச்சிருந்தேனாங்கம்மா?"

மூன்று ஆண்டு உழைப்பு அங்கே இருந்தது என்பதை, அது போன பிறகுதான் அவளால் எண்ணிப் பார்க்க முடிந்தது. பெண்ணின் சம்பாத்தியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: நிலமாக, கட்டடமாக இல்லாமல் பாத்திரமாக, துணியாக, அலமாரியில் அடுக்கிய சிறு பொருள்களாக. அவற்றுக்குப் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சில்லறை.

அரசின் கணக்கிலும் அது சில்லறைதான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான 2022–26 விதிமுறைப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். துணிமணி போனால் ஒரு குடும்பத்துக்கு 2,500 ரூபாய். பாத்திரம் மற்றும் வீட்டுச் சாமான்கள் போனால் இன்னொரு 2,500. முதல் தொகை வீட்டுக்காரருக்குப் போகும். இரண்டாவதைக் கேட்கப் போனபோது அவளிடம் குடும்ப அட்டை கேட்டார்கள். அவள் பெயர் இருக்கும் அட்டை அப்பாவுடைய கிராமத்தில் இருக்கிறது. அங்கே மழைச் சேதம் ஏதும் இல்லை. தனியாக வாழ்ந்து, தனியாகச் சமைத்து, தனியாக வாடகை கட்டினாலும் அவள் ஒரு குடும்பம் அல்ல.

அதன் பிறகு இருவரும் அந்தப் பாலிசியின் வாசகத்தை வரிவரியாகப் படித்தோம். உரையோடு செய்யுள் படிப்பதைவிடக் கடினமில்லை. படித்ததில் இளம்பெண்கள் அறிய வேண்டியதைச் சொல்கிறேன்.

தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ ஆகியவற்றால் வரும் சேதத்தை இந்தப் பாலிசி ஏற்கிறது. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதினாலும் ஏற்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் காற்றில் ஓட்டு வீடுகளின் மேல் விழுவதை ஏற்காட்டுக்காரர்கள் அறிவார்கள். அது இதில் அடங்கும். தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்து வரும் சேதமும் அடங்கும். கலவரத்தில் உடைக்கப்பட்டாலும் அடங்கும்.

அடங்காததையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் திருட்டு இதில் வராது. மேலே சொன்ன விபத்து ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் சாமான் திருடு போனால் மட்டுமே வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி வேண்டும். மின்கசிவால் ஒரு கருவி தானாகவே எரிந்துபோனால் அந்தக் கருவிக்கு வராது. புதுக் கட்டடம் தானாக இறங்கி விரிசல் விட்டாலும், கட்டுமானக் குறை இருந்தாலும் வராது. மலையில் சரிவை வெட்டி வீடு கட்டுகிறவர்கள் இந்த வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிலச்சரிவா, கட்டுமானக் குறையா என்ற வாதம் இங்கேதான் தொடங்கும்.

நகையும் வெள்ளிப் பொருளும் சாதாரணச் சாமானில் சேராது; மதிப்பைச் சொல்லி, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு வரியில் நான் நின்றுவிட்டேன். கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்கள், பணத்தாள்கள் ஆகியவற்றுக்குத் தனியாகக் குறிப்பிட்டாலன்றி ஈடு கிடையாது. அவளுடைய சேற்றில் போனவற்றில் கவிதை எழுதிய மூன்று நோட்டுகள் இருந்தன. பட்டியலில் அவற்றை எழுதி, விலைக்கு நேரே கோடு போட்டிருந்தாள். காப்பீட்டு நிறுவனமும் அதே கோட்டைத்தான் போடுகிறது. சான்றிதழுக்கு நகல் வாங்கலாம். நோட்டுகளைப் படமெடுத்து வேறோர் இடத்தில் வைப்பதைத் தவிர வழி இல்லை.

ஓர் அறையை மூன்று பெண்கள் பகிர்ந்துகொண்டால், ஒருத்தியின் பாலிசி மற்ற இருவரின் சாமானைக் காக்காது. அவரவர் பெயரில் எடுக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து, சுத்தம் செய்வதற்கு முன் படமெடுத்து வைக்க வேண்டும். வீடு நாறுகிறதே என்று முதலில் கழுவிவிடுவது நம் பழக்கம். கழுவிய தரை சாட்சி சொல்லாது. நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்க வேண்டும். அதற்கும் மேலே சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

என் மாணவிக்குப் புதிய வீட்டில் இரண்டு லட்சம் ரூபாய்ச் சாமானுக்கு ஆண்டுப் பிரீமியம் ஆயிரம் ரூபாய்க்குள் வந்தது. பணம் சிக்கலாக இல்லை. முகவரிதான் சிக்கலாக இருந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதே பெரிய உதவி என்று நினைக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒப்பந்தம் கேட்பது எளிதல்ல. கல்யாணம் எப்போது, யார் யார் வந்துபோவார்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும் பாரமாக இருக்கிறது. நான் ஆறு வாடகை வீடுகளில் குடியிருந்தவள். அவற்றில் இரண்டில்தான் என் பெயரில் ஒப்பந்தம் இருந்தது. மற்ற நான்கு வீடுகளில் நான் வாழ்ந்ததற்குச் சாட்சி, பால்காரரின் நோட்டு.

திருமணத்துக்குப் பின் இது தீர்ந்துவிடும் என்று நினைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி இரண்டு காப்பீடுகளைப் பேசும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைப்பது ஒன்று. வீடு இடிந்தால் ஈடு தருவது மற்றொன்று. இரண்டும் ஒன்றென்று நினைத்து, இரண்டாவது இல்லாமலே பலர் இருபது ஆண்டு தவணை கட்டுகிறார்கள். கடனில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பாள். பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையும் பாத்திரமும் மனைவியின் தனிச்சொத்து, கணவன் வீட்டில் இருப்பதால் அது அவனுக்கும் பொதுவாகிவிடாது என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலிசி கணவன் பெயரில் மட்டும் இருந்தால், அந்த நகைக்கான ஈடும் அவன் கணக்கில்தான் ஏறும். இருவர் பெயரிலும் எடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கேள்வி கேட்கப்படும் நிலையில் இருக்கும் பெண்களுக்கு. சேர்வராயன் மலையில் கேள்விக்கே வராதவர்கள் இருக்கிறார்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்களோடு லைன் வீடுகள் வந்தன. ஒரு நீளச் சுவர், வரிசையாகக் கதவுகள். வீடு தோட்டத்தினுடையது, வேலை இருக்கும் வரை குடியிருக்கலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். தோட்டம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், காயம்பட்டால், முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது அது. இடிந்ததற்குக் காரணம் குடியிருப்பவரின் தவறாகவோ இயற்கைப் பேரிடராகவோ மட்டும் இருந்தால் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஐம்பது மழைக்காலம் பார்த்த மண்சுவர் மழையில் விழுந்தால் அது பேரிடரா, பராமரிக்காத குற்றமா? உயிருக்கும் உடம்புக்குமாவது இப்படி ஒரு பிரிவு இருந்தது. உள்ளே நசுங்கிய பாத்திரங்களுக்கு எந்தப் பிரிவும் இல்லை.

மலைக்கிராமங்களில் இருக்கும் மலையாளி பழங்குடிப் பெண்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுவதும் 2005லும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு அறிவித்தாலன்றி இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றுவது பற்றி ஆலோசிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. வன உரிமைச் சட்டம் மட்டும் 2006இல் சற்று முன்னே போனது: வன நிலத்துக்குக் கொடுக்கும் உரிமைப் பத்திரம், திருமணமானவர்களாக இருந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பத்திரம் கைக்கு வந்த பெண்ணுக்குத்தான், வீடு யாருடையது என்ற கேள்விக்கு 'எங்களுடையது' என்று எழுத ஒரு தாள் இருக்கிறது.

காப்பீடு ஒரு வியாபாரம். மலையைக் குடைந்து வில்லா கட்டுகிறவருக்கும் விற்கும், அந்த வில்லாவால் சரிவு பலவீனமாகிக் கீழே ஆபத்தில் இருப்பவருக்கும் விற்கும். அதனிடம் நியாயம் கேட்கவில்லை. அதன் படிவத்தில் இருக்கும் ஒரு கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போது இறுதியாண்டு மாணவிகளுக்குக் கடைசி வாரத்தில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இல்லாதது. விடுதியிலோ வீட்டிலோ தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டும். பக்கத்தில் விலை, வாங்கிய ஆண்டு, யார் பணம். தலைப்பில் அவரவர் பெயர். முதல் நாள் பலர் அரைப்பக்கத்தோடு வருவார்கள். சிலர் சைக்கிளை எழுதிவிட்டு, 'தம்பியும் ஓட்டுவான்' என்று அடித்திருப்பார்கள். அடிக்காதே என்பேன். வேலைக்குப் போய் முதல் வாடகை வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகட்டும். ரசீதைப் படமெடுத்து, தனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கட்டும். பாலிசி எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம். யாருதுங்க என்று ஒருவர் கேமராவோடு வந்து நிற்கும் நாளில், வேறு யாரும் முந்திக்கொண்டு பதில் சொல்வதற்குள் அவர்களே சொல்ல வேண்டும்.